சாவை மறைத்தால் என்ன தண்டனை?

பாலக்கோடு, மாரண்டஅள்ளி, பென்னாகரம், அரூர் பக்கங்களிலிருந்து குற்ற வழக்கறிஞரிடம் வந்து சேரும் வழக்குக் கட்டுகளில் ஒரு வகை உண்டு. காட்டை ஒட்டிய நிலம். நிலக்கடலையோ மக்காச்சோளமோ மரவள்ளியோ போட்டிருப்பார்கள். காட்டுப் பன்றிக்காக வரப்போரம் கட்டுக்கம்பி இழுத்து, மோட்டார் கொட்டகையிலிருந்து இரவில் கரண்ட் கொடுத்திருப்பார்கள். அந்தக் கம்பியில் பன்றிக்குப் பதிலாக மனிதர் சிக்கிவிடுவார். தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்து நிலத்துக்காரராக இருக்கலாம், முயல் பிடிக்கப் போன இளைஞராக இருக்கலாம், மாடு தேடிப் போனவராக இருக்கலாம். பொழுது விடிவதற்குள் நிலத்துக்காரர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: ஸ்டேஷனுக்குப் போவதா, உடலை அப்புறப்படுத்துவதா? தருமபுரி மாவட்டத்து நீதிமன்றங்களில் நீண்ட காலமாகக் குற்ற வழக்குகள் நடத்திவருபவன் என்ற முறையில் நான் பேச விரும்புவது அந்த முடிவைப் பற்றித்தான். கொலை நோக்கமே இல்லாத ஒருவர் அந்த இரவில் செய்யும் காரியத்துக்கு நம் சட்டம் வைத்திருக்கும் விடை குறையுள்ளது. பயந்துபோனவரை அது கொலைக் குற்றவாளியின் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. உடலைத் தடயமில்லாமல் ஒழித்துக்கட்டத் தெரிந்தவரை வெளியே விட்டுவிடுகிறது. இயற்கைக்கு மாறான எந்தச் சாவையும் மறைப்பது, அந்தச் சாவு எப்படி நேர்ந்தது என்பதைச் சாராத தனிக் குற்றமாக வேண்டும் என்பதே என் வாதம்.

வேலிக் கம்பியில் பாயும் மின்சாரம் எவ்வளவு கொடியது என்பதற்கு இந்த மாவட்டம் நாடறிந்த ஒரு சான்றைத் தந்திருக்கிறது. 2023 மார்ச் மாதம் மாரண்டஅள்ளி அருகே காளிக்கவுண்டன் கொட்டாயில், விளைநிலத்தைச் சுற்றிச் சட்டவிரோதமாகப் போட்டிருந்த மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் ஒரே இடத்தில் மடிந்தன. இரண்டு குட்டிகள் உயிர் தப்பின. நிலத்தின் விவசாயி கைதானார். முறையான சூரியசக்தி வேலியில் பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் விட்டுவிட்டுத் துடிப்பாகத்தான் பாயும். தொட்டவரை உதறித் தள்ளுமே தவிரக் கொல்லாது. மோட்டார் இணைப்பிலிருந்து நேரடியாக இழுத்த மின்சாரம் இடைவிடாமல் பாய்வது; தொட்டவரின் தசைகளை இறுக்கிப் பிடித்து விடாது. யானையையே வீழ்த்தும் கம்பி மனிதரை என்ன செய்யும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். ஆனால் யானையின் உடலை எளிதில் ஒளிக்க முடியாது, மனித உடலை ஒளிக்க முடியும். அதே ஆண்டு செப்டம்பரில் கேரளத்தின் பாலக்காடு அருகே கரிங்கரப்புள்ளியில் அதுதான் நடந்தது. பன்றிக்குப் போட்ட கம்பியில் சிக்கி இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். நிலத்துக்காரர் இருவரையும் அதே வயலில் புதைத்தார். சட்டவிரோத மின்வேலி வழக்காக இருந்திருக்க வேண்டியது, புதைத்த உடல்களைத் தோண்டியெடுக்கும் வழக்காக மாறியது.

முதலில் சாவைப் பற்றிச் சட்டம் சொல்வதைப் பார்ப்போம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 18ஆம் பிரிவு, விபத்தைக் குற்றமாகக் கருதாது. ஆனால் அதற்கு நிபந்தனை உண்டு: செய்த காரியம் சட்டப்படியானதாக, சட்டப்படியான முறையில், உரிய கவனத்தோடு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். திருட்டுக் கரண்ட் எடுத்து வெறுங்கம்பியில் விட்டவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. இதை உச்ச நீதிமன்றம் 1963இலேயே செரூபின் கிரிகோரி வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பீகாரில் ஒருவர் தன் கழிப்பறைக்கு வெளியாட்கள் வராமல் தடுக்க வழியில் மின்கம்பி வைத்தார். பக்கத்து வீட்டுப் பெண் அதில் பட்டு இறந்தார். அத்துமீறி நுழைந்தவர் என்பதாலேயே அவருடைய உயிருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாமல் போய்விடாது என்று கூறி, கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்கான தண்டனையை நீதிமன்றம் உறுதிசெய்தது. பழைய 304ஏ பிரிவில் அந்தக் குற்றத்துக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள். புதிய 106(1) பிரிவில் ஐந்து ஆண்டுகள். ஆள் நடமாட்டம் உள்ள இடம் என்று தெரிந்தே கம்பி போட்டதாகக் காவல்துறை கருதினால் 105ஆம் பிரிவு வரும். கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற அந்தக் குற்றத்துக்கு, சாவு நேரக்கூடும் என்ற அறிவு மட்டும் இருந்திருந்தால் பத்து ஆண்டுகள் வரை சிறை. முன்னது ஜாமீனில் வரக்கூடியது, பின்னது அப்படியல்ல.

அடுத்தது மறைப்பு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 201ஆம் பிரிவு, இப்போது 238ஆம் பிரிவு. குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தும் குற்றவாளியைக் காப்பாற்றும் நோக்கத்தோடு தடயத்தை மறையச் செய்தவருக்கு அது தண்டனை விதிக்கிறது. எவ்வளவு தண்டனை என்பது மூலக் குற்றத்தைப் பொறுத்தது. மூலக் குற்றம் மரண தண்டனைக்குரியது என்றால் ஏழு ஆண்டுகள் வரை. ஆயுள் தண்டனைக்கோ பத்தாண்டுச் சிறைக்கோ உரியது என்றால் மூன்று ஆண்டுகள் வரை. அதற்கும் குறைந்தது என்றால் அந்தக் குற்றத்தின் அதிகபட்சச் சிறையில் கால் பங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள். கவனக்குறைவால் இறந்தவரின் உடலை மறைத்ததற்குப் பழைய சட்டத்தில் ஆறு மாதம். புதிய சட்டத்தில் பதினைந்து மாதம். இதோடு 94ஆம் பிரிவை ஒப்பிட வேண்டும். பிறப்பை மறைப்பதற்காகச் சிசுவின் உடலை ரகசியமாகப் புதைத்தவருக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறை என்கிறது அது. சிசு பிறக்கும் முன்பே இறந்திருந்தாலும், எந்தக் குற்றமும் இல்லாமல் இயற்கையாகவே இறந்திருந்தாலும் அது குற்றம்தான். பெண் சிசுக்கொலையின் காரணமாக 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் விரிவாக்கப்பட்டபோது சேர்க்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்று தருமபுரி. ஆகவே 94ஆம் பிரிவின் நோக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் செத்துப் பிறந்த குழந்தையை யாருக்கும் தெரியாமல் புதைத்த ஏழைப் பெண்ணுக்கு இரண்டாண்டு வரை, கம்பியில் விழுந்த வளர்ந்த மனிதரைக் கிணற்றில் போட்டவருக்குப் பதினைந்து மாதம் வரை என்ற அளவுகோலுக்கு நியாயம் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் இதிலிருந்து உறுதியாகிறது. உடலை மறைப்பதை, சாவின் காரணத்தைப் பாராமல், தனிக் குற்றமாக வரையறுக்க நம் சட்டத்துக்குத் தெரியும். வளர்ந்தவர்களின் விஷயத்தில் அதைச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் குறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் காட்டுவது 1952ஆம் ஆண்டின் பால்விந்தர் கௌர் வழக்கு. பஞ்சாபில் ஒருவர் இறந்துபோனார். உடலைப் பெட்டியில் அடைத்துச் சில நாள் வைத்திருந்து, பிறகு ஊருக்கு வெளியே ஒரு கிணற்றில் போட்டார்கள். கணவர் மருந்து என்று நினைத்துத் தவறுதலாக நஞ்சைக் குடித்துவிட்டார் என்பது மனைவியின் வாக்குமூலம். கொலைக் குற்றத்திலிருந்து அவரை விடுவித்த உயர் நீதிமன்றம், தடயத்தை மறைத்ததற்காக ஏழு ஆண்டுகள் விதித்தது. உச்ச நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. மறைத்ததற்குத் தண்டிக்க வேண்டுமானால் முதலில் ஒரு குற்றம் நடந்தது என்று நிரூபிக்க வேண்டும். அழுகிய உடலிலிருந்து சாவின் காரணத்தையே நிறுவ முடியாதபோது குற்றம் நடந்ததாகக் கொள்ள முடியாது. வாக்குமூலத்தில் அரசுத் தரப்புக்குச் சாதகமான பாதியை மட்டும் பிய்த்து எடுத்துக்கொள்ளவும் முடியாது. சட்டத்தின் வாசகம் அப்படி இருக்கும்போது தீர்ப்பு சரியானதே. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் எங்களைப் போன்றவர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுகிறோம். ஆனால் அதன் விளைவை மறைக்கக் கூடாது. உடல் எவ்வளவு நாள் கிடைக்காமல் இருக்கிறதோ அவ்வளவுக்குச் சாவின் காரணம் அழிகிறது. காரணம் அழிந்தால் மூலக் குற்றம் நிரூபணமாகாது. அது நிரூபணமாகாவிட்டால் மறைத்த குற்றமும் விழுந்துவிடும். மறைப்பு முழுமையாக வெற்றிபெற்றால் அதற்குத் தண்டனையே இல்லை என்று ஆகிறது.

அப்படியானால் மறைத்தவர்கள் தப்பித்துவிடுகிறார்களா? பெரும்பாலும் இல்லை. எங்கள் தொழில் கற்றுத்தரும் இன்னொரு பாடம் அது. வீட்டார் கொடுத்த புகாரில் காணாமல் போனவர் என்று வழக்குப் பதிவாகும். கைப்பேசி கடைசியாக எந்தக் கோபுரத்தில் பதிந்தது என்று பார்ப்பார்கள். உடல் கிடைத்ததும் சந்தேக மரணமாக மாற்றி, பிறகு 105, 238 என்று பிரிவுகளை மாற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்புவார்கள். புதைத்த உடலென்றால் தாசில்தார் முன்னிலையில் தோண்டியெடுத்துப் பிரேதப் பரிசோதனை நடக்கும். கிணற்றில் கிடைத்த உடலென்றால் எலும்பு மஜ்ஜையில் டயாட்டம் என்னும் நுண்பாசி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மூச்சு நின்ற பிறகு தண்ணீரில் போட்ட உடலில் அது பொதுவாகப் பரவியிருக்காது. நீரில் மூழ்கிச் சாகவில்லை என்றால் எப்படிச் செத்தார்? அந்தக் கேள்விக்கு, மறைக்காமல் விட்டிருந்தால் உடலே பதில் சொல்லியிருக்கும். மின்சாரம் நுழைந்த இடத்தில் ஓரம் தடித்துக் குழிந்த தீப்புண் இருந்திருக்கும். கம்பியும் மண்ணும் விழுந்த இடமும் அதற்குச் சான்று பகர்ந்திருக்கும். அழுகிய தோலில் அந்தப் புண்ணைத் தேடுவது கடினம். தன் குற்றத்தின் தடயத்தை அழிப்பதாக நினைத்தவர், இது கொலையல்ல என்பதற்கான தடயத்தையும் சேர்த்தே அழித்துவிடுகிறார்.

பிறகு நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக நிற்பது அவருடைய நடத்தை. சம்பவத்துக்குப் பிந்தைய நடத்தையைச் சாட்சியச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய விஷயத்தை அவரே விளக்க வேண்டும் என்கிறது அதன் 109ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் 106. இறந்தவரோடு வாய்க்கால் தகராறோ வரப்புத் தகராறோ பாக்கியிருந்தால் அதுவே நோக்கம் ஆகிவிடும். கம்பியில் விழுந்து செத்தார் என்ற உண்மையை அப்போது அவர் சொன்னாலும் தப்பிக்கச் சொல்லும் கதையாகவே அது தோன்றும். இறந்தவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்து, சம்பவம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தால், கால் பங்குக் கணக்குக்கே இடமில்லை; தடயத்தை மறைத்தவருக்கும் மூலக் குற்றத்தின் தண்டனையே உண்டு என்கிறது அச்சட்டத்தின் 3(2)(vi) பிரிவு.

உடலைத் தூக்க ஒரு ஆள் போதாது. அந்த நேரத்தில் கூப்பிட்டால் வருபவர்கள் யார்? தம்பி, மருமகன், இல்லையென்றால் பண்ணையில் கூலிக்கு இருப்பவர். கம்பி இழுத்ததில் அவர்களுக்குப் பங்கில்லை. சாவில் பங்கில்லை. முதலாளி கூப்பிட்டார், போனேன் என்பதைத் தவிர அவர்களிடம் சொல்ல எதுவும் இருக்காது. ஆனால் வழக்கில் அவர்கள் இரண்டாம் எதிரி, மூன்றாம் எதிரி. விசாரணை முடியும்வரை வாய்தாவுக்கு வாய்தா கூலி இழந்து நிற்பவர்கள் அவர்கள்தான். மறைப்பதைத் தனிக் குற்றமாக்கும்போது, முடிவெடுத்தவரையும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வந்தவரையும் வேறுபடுத்தித் தண்டனையை வகுக்க இடம் கிடைக்கும். இப்போதைய பிரிவில் அந்த வேறுபாடு இல்லை.

இவ்வளவையும் சொன்ன பிறகும் மிகப் பெரிய பாதிப்பு யாருக்கு என்பதை விட்டுவிடக் கூடாது. உடல் கிடைக்காத குடும்பத்துக்கு இறப்புச் சான்று கிடைக்காது. அது இல்லாமல் வாரிசுச் சான்று இல்லை, விதவை உதவித்தொகை இல்லை, காப்பீடு இல்லை, விபத்து மரணத்துக்கான அரசு நிவாரணமும் இல்லை. ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லாவிட்டால்தான் அவர் இறந்ததாகச் சட்டம் அனுமானிக்கும். அதுவரை மனைவி தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல், கருமாதியும் செய்ய முடியாமல் இருப்பார். எங்கேயோ ஓடிப்போய்விட்டான் என்ற ஊர்ப் பேச்சையும் அந்தக் குடும்பம் சுமக்கும். இந்தத் தீங்கு சாவினால் வந்ததல்ல, மறைப்பினால் வந்தது. சாவு கொலையா விபத்தா என்பது இதன் அளவைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. மறைப்பதற்கான தண்டனை சாவின் வகையைச் சார்ந்திருக்கக் கூடாது என்பதற்கு என்னிடம் உள்ள வலுவான காரணம் இதுதான்.

இதற்கு வரும் மறுப்புகளில் முதலாவது: தன் வாயாலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவு சொல்கிறதே, சாவைத் தெரிவிக்காததற்காக எப்படித் தண்டிக்கலாம்? நான் கேட்பது ஒப்புதல் வாக்குமூலத்தை அல்ல. என் நிலத்தில் இன்ன இடத்தில் ஒருவர் இறந்து கிடக்கிறார் என்று தெரிவிப்பதும், உடலில் கை வைக்காமல் இருப்பதும் ஒப்புதல் ஆகாது. அதற்கு மேல் அவர் எதையாவது சொல்லிவிட்டாலும் சட்டம் அவரைக் கைவிடவில்லை. போலீசாரிடம் கொடுத்த ஒப்புதலை அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. குற்றம் செய்தவரே நேரில் போய்க் கொடுத்த முதல் தகவலில் உள்ள ஒப்புதலுக்கும் இந்தத் தடை பொருந்தும் என்று 1965இல் அக்னூ நாகேசியா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னால் சொன்னதை வைத்தே தண்டித்துவிடுவார்கள் என்ற ஊர் நம்பிக்கை தவறானது. தாமாகவே முன்வந்து தெரிவித்தார் என்ற நடத்தையோ அவருக்கு ஜாமீனிலும் தண்டனையிலும் துணை நிற்கும்.

இரண்டாவது மறுப்பு, இதற்கு ஏற்கெனவே சட்டம் இருக்கிறதே என்பது. இருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 34ஆம் பிரிவின்படி, கிராமத்திலோ அதன் அருகிலோ திடீர்ச் சாவோ இயற்கைக்கு மாறான சாவோ நேர்ந்தால், கிராம அலுவலர் மட்டுமல்ல, அந்த ஊரில் குடியிருக்கும் ஒவ்வொருவரும் உடனே அருகிலுள்ள நீதித்துறை நடுவருக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிக்கக் கடமைப்பட்டவர். 1980இல் பரம்பரை மணியகாரர், கர்ணம் பதவிகள் ஒழிந்து விஏஓ வந்த பிறகும் இந்தக் கடமை அப்படியே தொடர்கிறது. விஏஓ புகாரின் பேரில் வழக்குப் பதிவாவது இங்கே அன்றாட நடைமுறை. ஆனால் ஊராருக்கும் அதே கடமை உண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கடமை தவறினால் 211ஆம் பிரிவில் ஒரு மாதம் வெறுங்காவல் அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம். விஷயம் குற்றம் பற்றியதென்றால் ஆறு மாதம் வரை. சொல்லாமல் இருப்பதற்குத்தான் இந்தத் தண்டனை. தூக்கிக்கொண்டு போய் மறைப்பது சொல்லாமல் இருப்பதைவிடப் பல மடங்கு கனமான செயல். அதற்கென்று தனிப் பிரிவு இல்லை.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். தண்டனையைக் கூட்டினால் பயம் கூடும். பயம் கூடினால் மறைப்பும் கூடும் என்பது அது. சாலை விபத்தில் ஒருவர் இறந்து, ஓட்டுநர் தெரிவிக்காமல் ஓடிவிட்டால் பத்தாண்டு வரை சிறை என்ற 106(2) பிரிவுக்கு எதிராக 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் நாடு முழுவதும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தப் பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவராமல் அரசு நிறுத்திவைத்தது. தொப்பூர் கணவாய் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. நின்றால் கூட்டம் அடித்துக் கொன்றுவிடும் என்ற ஓட்டுநர்களின் அச்சம் பொய்யென்று இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே தண்டனையைக் கூட்டுவது மட்டும் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தெரிவித்தவருக்கும் மறைத்தவருக்கும் இடையிலான வேறுபாடு சட்டத்தின் வாசகத்திலேயே தெரிய வேண்டும். உடனடியாகத் தெரிவித்து, சம்பவ இடத்தைக் கலைக்காமல் விட்டவருக்குத் தண்டனையைக் குறைக்க வேண்டும் என்று வெளிப்படையாக எழுத வேண்டும். ஆனால் வயலில் மறைப்பவருக்கு லாரி ஓட்டுநரின் நியாயம் முழுவதும் பொருந்தாது. ஓட்டுநர் கூட்டத்துக்குப் பயந்து ஓடுகிறார், உடல் சாலையிலேயே கிடக்கிறது. வயலில் கூட்டமில்லை, அவசரமில்லை. இருட்டும் அவகாசமும் இருக்கின்றன.

விவசாயியின் கஷ்டத்தை மறந்துவிட்டுப் பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம். ஒரு இரவில் பன்றிக் கூட்டம் ஒரு போக விளைச்சலை உழுதுவிட்டுப் போகும். மின்வேலிகளைப் பதிவுசெய்து முறைப்படுத்தும் விதிகளைத் தமிழக அரசு 2023இல் கொண்டுவந்தது. காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் அறிவித்தது. சூரியசக்தி வேலிக்கான மானியமும் இழப்பீடும் சிறு விவசாயியின் கைக்குக் காலத்தில் சேர வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. அந்தக் கஷ்டம் கம்பி போட்டதை விளக்கலாம். இறந்தவரைக் குடும்பத்திடமிருந்து ஒளிப்பதை அது விளக்காது.

இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில், ஒரு உடலின் முறையான நல்லடக்கத்தைத் தடுப்பது தனிக் குற்றம். சாவு குற்றத்தால் நேர்ந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. நமக்கு அயல்நாட்டு முன்மாதிரியே தேவையில்லை, 94ஆம் பிரிவே போதிய முன்மாதிரி. இயற்கைக்கு மாறான முறையில் இறந்தவரின் உடலை மறைத்தால், இடம் மாற்றினால், அழித்தால், சாவின் காரணம் எதுவானாலும் தண்டனை உண்டு என்ற ஒரு பிரிவு வேண்டும். அதில் உடனே தெரிவித்தவருக்குச் சலுகையும், கட்டளைக்குக் கட்டுப்பட்ட கூலியாளுக்குக் குறைந்த தண்டனையும் எழுதப்பட வேண்டும்.

சட்டம் மாறும் வரை, காட்டோரம் நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழக்கறிஞனாக நான் சொல்வது இதுதான். மெயினிலிருந்து நேராகக் கம்பியில் கரண்ட் விடாதீர்கள். யாராவது சிக்கிவிட்டால் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். பிறகு 108க்கும் 112க்கும் போன் போடுங்கள், விஏஓவுக்குச் சொல்லுங்கள். உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மேல் எதையும் தொடாதீர்கள், கம்பியைச் சுருட்டாதீர்கள். உங்களைக் காப்பாற்ற வழக்கறிஞருக்கு இருக்கும் நல்ல சாட்சி கலையாத அந்த இடம்தான். உடலைத் தூக்க யாராவது உங்களைக் கூப்பிட்டால், அண்ணனானாலும் முதலாளியானாலும், போகாதீர்கள்.